காவல்துறை மோப்ப நாய்களும் அவற்றின் கையாளுநர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோப்ப நாய் வந்து இறங்கியதும் எல்லோர் கண்ணும் நாயின் மேல்தான் இருக்கும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. துறைக்குள் ஹேண்ட்லர் என்று அழைக்கப்படும் அந்தக் கையாளுநர்தான் நாய் காட்டுவதைப் படித்து நமக்குச் சொல்கிறவர். அவர் தப்பாகப் படித்தால், நாய் சரியாகவே முகர்ந்திருந்தாலும் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்ளலாம். அதனால் கீழே உள்ள பதில்களில் நாயைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவரைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.

“மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை” என்று செய்திகளில் அடிக்கடி வருகிறதே. நாய் தோற்றுவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. நாய் எங்கே நின்றது என்பதே ஒரு தகவல்தான்.

நடந்து போகும் மனிதரின் உடலிலிருந்து தோலின் நுண்ணிய செதில்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வியர்வையும், தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாடையும் அவற்றோடு சேர்ந்து தரையில் படிகின்றன. கால் பட்டு நசுங்கிய புல்லுக்கும் கிளறப்பட்ட மண்ணுக்கும்கூடத் தனி வாசனை உண்டு. இவற்றைக் கோத்துக்கொண்டுதான் நாய் முன்னே போகிறது. ஓடிப் போனவர் ஒரு வண்டியில் ஏறிவிட்டால் அந்தத் தடம் அங்கேயே அறுந்துவிடும். சாலையோரம் வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வந்த நாய், சட்டென்று தலையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி வந்தால், அனுபவமுள்ள கையாளுநருக்கு “இங்கே வண்டி காத்திருந்திருக்கலாம்” என்று தோன்றும். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கேமராக்கள், டயர் தடங்கள், அங்கே நின்றிருந்தவர்களின் வாக்குமூலம் என்று விசாரணை போகும்.

தடம் கலைந்துபோகவும் நிறையக் காரணங்கள் இருக்கின்றன. சுடும் தார்ச்சாலை, பலத்த காற்று, கடந்துபோன நேரம் எல்லாம் உண்டு. ஆனால் மிகப் பெரிய கெடுதலைச் செய்வது நாம்தான். நாய் வந்து சேர்வதற்குள் உறவினர்கள், அக்கம்பக்கத்தார், வேடிக்கை பார்ப்பவர்கள், ஏன், முதலில் வந்த காவலர்கள்கூட அந்த இடத்தை மிதித்து உழக்கியிருப்பார்கள். இருபது பேருடைய வாடைக்கு நடுவே ஒருவருடையதைப் பிரித்தெடு என்று அதனிடம் கேட்கிறோம்.

கூட்டத்தில் ஒருவரை நாய் கவ்விப் பிடிக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு என்பது என் எண்ணம். நாய் ஒருவரிடம் போய் நின்றால், அவருடைய வாடை அந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சம்பவத்தை முதலில் பார்த்தவராக இருக்கலாம். தினமும் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவராக இருக்கலாம்.

நாயின் மூக்கில் அப்படி என்ன விசேஷம்?

வாசனையை உணரும் செல்கள் மனிதருக்கு 50 முதல் 60 லட்சம் இருக்கின்றன என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். எண்ணிக்கையை விட, காற்று போகும் வழிதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நாயின் மூக்குக்குள் போகும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மூச்சுக்காக நுரையீரலுக்குப் போகிறது. இன்னொரு பங்கு மோப்பத்துக்கென்றே பின்னால் இருக்கும் பகுதிக்குப் போகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை ஊதித் தள்ளப்படுவதில்லை. இப்படி ஒரு நொடிக்கு ஐந்து தடவை வரை அதனால் முகர முடியும்.

1993-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே ஒருவர் நடந்துபோன தடத்தின் நடுவில் நாயைக் கொண்டுபோய் விட்டார்கள். நான்கைந்து காலடிகளை முகர்ந்ததுமே அவர் போன திசை எது, வந்த திசை எது என்று நாய்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் ஒரு நொடிதான் வித்தியாசம். அந்த ஒரு நொடியில் வாடை எவ்வளவு மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பதன் மூலம்தான். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும்போது மூக்கின் வேலை குறைந்துவிடும். உச்சி வெயிலில் ஓடிக் களைத்த நாயிடம் மேலும் தேடச் சொல்வது வீண் வேலை. எப்போது நிறுத்தித் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரவைக்க வேண்டும் என்று தெரிந்த கையாளுநரிடம்தான் நாயின் மூக்கும் வேலை செய்யும்.

இந்த வேலை எப்போது தொடங்கியது?

1888-இல் லண்டனில் தொடர் கொலைகள் நடந்தபோது, பார்னபி, பர்கோ என்ற இரண்டு பிளட்ஹவுண்ட் நாய்களைப் பூங்காக்களில் சோதித்துப் பார்த்தார்கள். கொலையாளியைத் தேட அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு கடைசிவரை வரவில்லை. முறையான ஒரு காவல் நாய்ப் பிரிவு என்றால், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1899-இல் இரவு ரோந்துக்காகத் தொடங்கப்பட்டதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். மற்ற நாட்டுக் காவல்துறையினர் அங்கே போய்ப் பார்த்துவந்தார்கள். 1907-இல் நியூயார்க் காவல்துறை தன் முதல் நாய்களை அங்கிருந்துதான் வாங்கியது.

எந்த இன நாய்கள் இதற்கு ஏற்றவை?

ரோந்து, ஆளைப் பிடிப்பது போன்றவற்றுக்கு ஜெர்மன் ஷெப்பர்டும் பெல்ஜியன் மாலினாய்ஸும். வெடிபொருள், போதைப்பொருள் தேடலுக்கு லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், காக்கர் ஸ்பேனியல். பழைய தடத்தைப் பிடித்துப் போக பிளட்ஹவுண்ட். மக்கள் நெரிசலான இடங்களில் பீகிள் போன்ற சின்ன நாய்கள் நல்லது, யாரும் பயப்பட மாட்டார்கள்.

இனத்தை விடக் குணம் முக்கியம். தேர்வு செய்பவர்கள் ஒரு பந்தைப் புதருக்குள் எறிந்துவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு நிமிடம் தேடிவிட்டுத் திரும்பி வரும் நாய் வேண்டாம். பந்து கிடைக்கும்வரை விடாமல் அந்தப் புதரையே துழாவுகிற நாய்தான் வேண்டும். வழுக்கும் தரை, இரும்புப் படிக்கட்டு, இருட்டறை, திடீர்ச் சத்தம் எதற்கும் அது பதறக் கூடாது. வீட்டில் வளர்ப்பதற்கு இப்படிப்பட்ட நாய் பெரும் தலைவலி. வேலைக்கு வந்தால் அதே குணம் வரமாகிவிடுகிறது.

போதைப்பொருள் தேடும் நாய்க்கு முதலில் போதைப் பழக்கத்தை ஏற்படுத்திவிடுவார்களாமே?

இல்லவே இல்லை. பழக்கத்துக்கு அடிமையான நாய் வேலைக்கே உதவாது. கொஞ்ச நாளில் செத்தும் போய்விடும்.

நாய் உண்மையில் தேடுவது தன் பந்தையோ, சுருட்டிய துண்டையோதான். அந்தப் பொருளின் வாசனை வரும் இடத்தில் அது வந்து நின்றதும் கையாளுநர் பந்தை வீசுவார். இதைப் பல நூறு முறை செய்ததும், “இந்த வாசனை வந்தால் எனக்கு விளையாட்டு உண்டு” என்று நாய்க்குப் பதிந்துவிடும். வெடிபொருளுக்கும் இதே முறைதான். அங்கே கண்டுபிடித்ததும் கால்களால் பிறாண்டாமல் அப்படியே உட்காரவோ அசையாமல் நிற்கவோ பழக்குவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

பொதுவாக ஒரே நாய்க்குப் போதைப்பொருளையும் வெடிபொருளையும் சேர்த்துப் பழக்க மாட்டார்கள். ஒரு பெட்டியின் முன்னால் நாய் உட்கார்ந்தால், பெட்டியைத் திறப்பதா, கட்டடத்தையே காலி செய்வதா என்று அப்புறம் யாருக்குத் தெரியும்?

மனிதர், போதைப்பொருள், வெடிகுண்டு தவிர வேறு எதையெல்லாம் தேடுகின்றன?

இறந்த உடலை, அது மண்ணுக்கு அடியில் இருந்தாலும் தண்ணீருக்குள் இருந்தாலும், தேடும் நாய்கள் உண்டு. தீ வைத்த இடத்தில் பெட்ரோல் போன்றவற்றின் மிச்சத்தைக் கண்டுபிடிக்கும் நாய்களும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1986-இல் மேட்டி என்ற கறுப்பு லாப்ரடார்தான் இந்த வேலையைத் தொடங்கிவைத்தது.

அதே மாநிலக் காவல்துறையில்தான் மின்னணுப் பொருள்களைத் தேடும் நாய்களும் பிறந்தன. பென் டிரைவ், மெமரி கார்டு, கைப்பேசி போன்றவற்றில் டிரைஃபினைல்பாஸ்பீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நாய் முகர்வது அதைத்தான். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களை விரல்நகம் அளவு கார்டில் ஒளித்துவைத்திருப்பவரின் வீட்டில் ஆறு பேர் ஆறு மணி நேரம் தேடியும் கிடைக்காததை, ஒரு நாய் சுவரோரமாக முகர்ந்து எடுத்துக் கொடுத்துவிடும். இந்த வேலையில் நாய்க்கு இணையாக வேறு எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கையாளுநர் ஆவதற்கு என்ன தகுதி? அவருடைய நாள் எப்படிப் போகும்?

பெரும்பாலான இடங்களில் சில வருடங்கள் சாதாரணக் காவலராக வேலை பார்த்த பிறகுதான் இந்தப் பிரிவுக்கு மனுப் போட முடியும். ஓடத் தெரிய வேண்டும், சுவர் ஏற வேண்டும், முப்பது கிலோ நாயைத் தூக்கி வேலிக்கு மேலே விட வேண்டும். பொறுமை வேண்டும் என்பதைத் தனியாக அடிக்கோடிடலாம். தேர்வில் நல்ல ஆட்கள் பலர் கழன்றுகொள்வது இங்கேதான். நாய் ஒரு நாள் சொன்னதைச் செய்யாதபோது கோபத்தைக் கயிற்றில் காட்டுகிறவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

நாயும் ஆளும் சேர்ந்தேதான் பயிற்சி எடுப்பார்கள். பிரிட்டனில் ரோந்து, தேடல், ஆளைப் பிடிப்பது என்று பொதுவான வேலைகளைப் பார்க்கும் நாய்க்கான அடிப்படைப் பயிற்சி சுமார் 13 வாரம். அதோடு முடிவதில்லை. மாதத்துக்குக் குறைந்தது 16 மணி நேரமாவது தொடர்பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு பயிற்சியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம், எந்தப் பொருள், நாய் சரியாகக் காட்டியதா, தவறவிட்டதா, இல்லாத இடத்தில் காட்டியதா என்றெல்லாம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பின்னால் ஒரு நாள் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தப் பதிவேடுதான்.

பல நாடுகளில் நாய் கையாளுநரின் வீட்டில்தான் வாழ்கிறது. கூடுதல் நேரம் என்று ஒன்று தனியாக இல்லை. விடிகாலையில் நடைக்குக் கூட்டிப்போவது, முடியைச் சீவுவது, காதையும் பாதத்தையும் பார்ப்பது, கூண்டைக் கழுவுவது எல்லாம் விடுமுறை நாளிலும் உண்டு. வீட்டில் நாயைப் பராமரிக்கும் நேரமும் வேலை நேரமே, அதற்குச் சம்பளம் தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தீர்த்திருக்கின்றன. மிகச் சரியான தீர்ப்பு. அந்த உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்பதற்காக அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

நாய் பொய் சொல்லாது என்கிறார்கள். அப்படியானால் அது காட்டுவது எப்போதும் சரியாகத்தானே இருக்கும்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல விரும்பிய கேள்வி இதுதான்.

நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது, சரி. ஆனால் தன் ஆளைச் சந்தோஷப்படுத்தத் தெரியும். பல்லாயிரம் வருடமாக மனிதரின் முகத்தையும் உடலசைவையும் பார்த்தே பிழைத்த மிருகம் அது. கையாளுநர் ஒரு காரின் பின்பக்கத்தில் சந்தேகப்பட்டு அரை நொடி கூடுதலாக நின்றால், கயிறு லேசாக இறுகினால், நாய்க்கு அது போதும். “இங்கே ஏதோ எதிர்பார்க்கிறார்” என்று உட்கார்ந்துவிடும். கையாளுநர் வேண்டுமென்றே இதைச் செய்வதில்லை. தான் செய்ததே அவருக்குத் தெரியாது.

நூறு வருடத்துக்கு முன்பே இது தெரிந்துவிட்டது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. விடை எட்டு என்றால் எட்டு முறை காலால் தட்டும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசைந்ததைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

2011-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதையே மோப்ப நாய்களிடம் சோதித்தார்கள். 18 கையாளுநர்கள், அவர்களுடைய 18 நாய்கள். அறைகளில் வாசனைப் பொருள் வைக்கப்பட்டிருக்கலாம் என்று கையாளுநர்களிடம் சொன்னார்கள். சில இடங்களில் அடையாளமாகச் சிவப்புத் தாளும் ஒட்டியிருந்தது. உண்மையில் எந்த அறையிலும் எதுவுமே இல்லை. 144 தேடல்களில், எதையும் தவறாகக் காட்டாமல் முடிந்தவை 21 மட்டுமே. சிவப்புத் தாள் இருந்த இடங்களில்தான் நிறையத் தவறுகள். ஆய்வு நடத்திய விதம் சரியில்லை என்று கையாளுநர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் சிவப்புத் தாளைப் பார்த்துப் புரிந்துகொள்ள நாய்க்குத் தெரியாது, மனிதருக்குத்தான் தெரியும். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

இதற்கு மருந்து இருக்கிறது, கடினமானதும் அல்ல. பயிற்சியில் பொருளை எங்கே ஒளித்திருக்கிறது என்று கையாளுநருக்கும் தெரியக் கூடாது. கூட நின்று பார்ப்பவருக்கும் தெரியக் கூடாது. சில தேடல்களில் எதுவுமே வைக்காமல் விட வேண்டும். “ஒன்றுமில்லை” என்று திரும்பி வந்த நாயையும் கையாளுநரையும் பாராட்டத் தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கிற பிரிவை நான் நம்புவேன்.

நாய் காட்டிவிட்டால் நீதிமன்றத்தில் அது போதுமா?

தேடுவதற்கான காரணமாக ஏற்கப்படலாம். குற்றத்துக்கு ஆதாரமாக அதை மட்டும் வைத்துக்கொள்வது ஆபத்து. முந்தைய நாள் அங்கே இருந்து, பிறகு எடுத்துச் செல்லப்பட்ட பொருளின் வாசனையும் நாய்க்குத் தெரியும். அது தவறு செய்யவில்லை. இப்போது அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம்.

இந்த விஷயத்தில் அதிகமாக வழக்கு நடந்தது அமெரிக்காவில். முறையாகப் பயிற்சியும் சான்றும் பெற்ற நாய் காட்டினால் வண்டியைச் சோதிக்கலாம், ஆனால் அந்த நாயின் நம்பகத்தன்மையை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதே வருடம், வாரண்ட் இல்லாமல் ஒரு வீட்டின் வாசல் திண்ணைக்கு நாயைக் கூட்டிவந்து முகரவைப்பது தவறு என்றது. 2015-இல், போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய வண்டியை நாய் வருவதற்காக மட்டும் கூடுதல் நேரம் காக்கவைக்கக் கூடாது என்றது.

இன்னொரு வழக்கும் முக்கியமானது. பல பேருடைய வாடையை டப்பாக்களில் வரிசையாக வைத்து, குற்றவாளி யார் என்று நாயை அடையாளம் காட்டச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதை மட்டும் வைத்து ஒருவரைக் கொலைக் குற்றவாளி என்று தண்டிக்க முடியாது என்று 2010-இல் டெக்ஸஸ் மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் அவர் சில வருடங்களைச் சிறையில் கழித்திருந்தார்.

ஆளைக் கடிக்கப் பழக்குவது சரியா?

மனதைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு இதில் முழுச் சமாதானம் இல்லை. கத்தியோடு இருட்டில் பதுங்கியிருப்பவரைத் தேடிப் போகும்போது, துப்பாக்கிக்கு முன்னால் ஒரு நாய் இருப்பது எல்லோர் உயிருக்கும் நல்லது. நாயைத் திரும்ப அழைக்க முடியும், குண்டை அழைக்க முடியாது. “நாயை விடப்போகிறேன், வெளியே வா” என்ற எச்சரிக்கையிலேயே பலர் கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆனால் கடி என்பது சாதாரணக் காயம் இல்லை. தசை கிழியும், நரம்பு அறும், சில சமயம் வாழ்நாள் ஊனம். பயிற்சியில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில், ஆளைக் கண்டதும் நாய் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கையாளுநர் விடச் சொல்லும்வரை விடாது. மற்றொன்றில், ஆள் அசையாமல் நின்றால் நாய் எதிரில் நின்று குரைக்கும். ஓடினாலோ தாக்கினாலோதான் கடிக்கும். முதல் முறையில் ஒரு கொடுமை இருக்கிறது. பல் பதிந்த வலியில் யாரும் துடிக்கத்தான் செய்வார்கள். அந்தத் துடிப்பைப் பார்த்து “எதிர்க்கிறான்” என்று நாயை மேலும் விட்டுவைப்பதும் நடக்கிறது.

யார்மேல் நாயை விடுகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள்மீதும் இளைஞர்கள்மீதும் காவல்துறை நாய்களை ஏவிய படங்கள் உலகத்தையே உலுக்கின. அது பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. ஃபெர்குசன் நகரக் காவல்துறையைப் பற்றி 2015-இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையில், கடிபட்டவரின் இனம் பதிவாகியிருந்த ஒவ்வொரு நிகழ்விலும் கடிபட்டவர் கறுப்பினத்தவராகவே இருந்தார். அந்த நாய்களுக்கு நிறம் தெரியாது. கயிற்றை அவிழ்த்தவர்களுக்குத் தெரியும்.

சின்னக் குற்றங்களுக்கு நாயை அவிழ்க்கக் கூடாது, எச்சரிக்கை கட்டாயம், ஒவ்வொரு கடியும் தனியாக விசாரிக்கப்பட வேண்டும். இவ்வளவும் எழுத்தில் இல்லாத பிரிவுக்குக் கடிக்கும் நாய் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டளைகளை ஏன் ஜெர்மன், டச்சு மொழிகளில் சொல்கிறார்கள்? குற்றவாளிக்குப் புரியக் கூடாது என்பதற்காகவா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். காரணம் எளிமையானது. பல நாடுகள் அரைகுறையாகப் பழக்கிய நாய்களை ஜெர்மனி, நெதர்லாந்து, செக் நாடுகளிலிருந்து வாங்குகின்றன. நாய் ஏற்கெனவே “சிட்ஸ்” என்றால் உட்காரும், “பிளாட்ஸ்” என்றால் படுக்கும். நாய்க்குப் புதிய மொழி கற்றுத் தருவதை விட, ஆள் பத்து சொற்களைக் கற்றுக்கொள்வது சுலபம்.

இந்த வேலையில் நாய்க்கு மிகப் பெரிய ஆபத்து எது?

துப்பாக்கி, கத்தி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெப்பத்தை மறந்துவிடுவார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுவைத்து இறந்துபோன காவல் நாய்கள் நிறைய. வேறு வேலையில் மூழ்கி, “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்” என்று போன கையாளுநரால் நடந்தவை அவை. அதனால்தான் இப்போது பல நாய் வண்டிகளில், உள்ளே சூடு ஏறினால் தானாகக் கண்ணாடி இறங்கி, மின்விசிறி சுழன்று, கையாளுநரின் இடுப்பில் அலறும் கருவி பொருத்தப்படுகிறது. இது இல்லாத வண்டியில் நாயை ஏற்றுவதற்கு அனுமதியே தரக் கூடாது.

ஃபென்டனில் போன்ற போதைப்பொருளின் பொடி மூக்கில் ஏறினாலும் உயிருக்கு ஆபத்து. மனிதருக்குக் கொடுக்கும் நலோக்சோன் மருந்து நாய்க்கும் வேலை செய்யும் என்பதால், கையாளுநர்கள் அதைக் கையோடு வைத்திருக்கிறார்கள்.

காவல் நாயைத் தாக்கினால் தண்டனை உண்டா?

இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் சட்டம் மாறியதற்கு ஒரு நாய் காரணம். 2016 அக்டோபரில் ஃபின் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு, கத்தியோடு இருந்த ஒருவரிடமிருந்து தன் கையாளுநர் டேவ் வார்டெலைக் காப்பாற்றப் போய் மார்பிலும் தலையிலும் குத்துப்பட்டது. பிழைத்து, பதினோரு வாரத்தில் வேலைக்கும் திரும்பியது. ஆனால் நாயைக் குத்தியதற்காகப் போட முடிந்த வழக்கு, பொருளைச் சேதப்படுத்தியதாகத்தான். ஒரு ஜன்னலை உடைத்ததும் ஃபின்னைக் குத்தியதும் சட்டத்துக்கு ஒன்றாக இருந்தது. வார்டெல் ஓயவில்லை. 2019-இல், தற்காப்புக்காகத் தாக்கினேன் என்று காரணம் காட்டித் தப்ப முடியாதபடி பணி விலங்குகளுக்கான சட்டம் வந்தது. மக்கள் அதை ஃபின் சட்டம் என்றே சொல்கிறார்கள்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதித்துவிட்ட இடங்களில் பழைய நாய்கள் என்ன ஆகின்றன?

சிக்கல்தான். எந்தப் பொருளைக் கண்டுபிடித்தேன் என்று நாய் தனித்தனியாகச் சொல்லாது, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உட்காரும். கஞ்சா வாசனையை மறக்கச் செய்வதும் எளிதல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல், கஞ்சாவுக்கும் பழக்கப்பட்ட நாயை முகரவிடுவதற்கே முன்கூட்டியே தக்க காரணம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாய்கள் ஓய்வு பெறுகின்றன. புதிய நாய்களுக்குக் கஞ்சாவைப் பழக்குவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு நாயின் கதி?

எட்டு, பத்து வயதில் மூட்டு தேய்ந்து, வேகம் குறைந்து ஓய்வு வந்துவிடும். பெரும்பாலும் கையாளுநரே வீட்டோடு வைத்துக்கொள்கிறார். அன்றுவரை மருத்துவச் செலவைப் பார்த்த அரசு, பல இடங்களில் அன்றோடு கையைக் கழுவிவிடுகிறது. துள்ளிக் குதித்து வேலை பார்த்ததால் வந்த இடுப்பு வலிக்கும் முதுகுத் தேய்மானத்துக்கும் அவர் சொந்தப் பணத்தைப் போடுகிறார். இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். வேலையால் வந்த நோய்க்கு வேலை கொடுத்தவர்தான் பார்க்க வேண்டும்.

ஓய்வு என்பது நாய்க்கும் புரிவதில்லை. காலையில் வண்டிச் சாவிச் சத்தம் கேட்டதும் வாசலில் வந்து நிற்கும். கையாளுநர் புதிய நாயை ஏற்றிக்கொண்டு போகும்போது பழையது வேலிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் சிலர் வீட்டுத் தோட்டத்தில் பந்தை ஒளித்துவைத்துத் தினமும் ஒருமுறை தேடவிடுகிறார்கள்.

வழியில் பார்த்தால் தடவலாமா?

கேட்காமல் தொடாதீர்கள். வேலையில் இருக்கும்போது கேட்கவும் வேண்டாம்.

தப்பித் தவறி ஒரு காவல் நாய் என்னை நோக்கி ஓடிவந்தால்?

ஓடாதீர்கள், அடிக்காதீர்கள், கையை வீசாதீர்கள். அசையாமல் நின்று, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையாளுநர் சொல்வதைக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் காணாமல் போய்விட்டார். நாய் வருவதற்குள் நாங்கள் என்ன செய்யலாம்?

இதைத் தெரிந்துவைத்திருப்பது உண்மையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். மறதி நோய் உள்ள முதியவர், வழி தவறிய குழந்தை என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

முதலில், காவல்துறைக்கு உடனே சொல்லுங்கள்; நாமே தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று அரை நாளைக் கடத்தாதீர்கள். அவர் கடைசியாக இருந்த அறை, வெளியேறிய வாசல், அதை ஒட்டிய பாதை, இந்த இடங்களில் யாரையும் நடக்கவிடாதீர்கள். அறையைப் பெருக்க வேண்டாம். அவர் மட்டுமே பயன்படுத்திய, துவைக்காத ஏதாவது ஒன்று வேண்டும். தலையணை உறை, உள்ளாடை, காலுறை, செருப்பு எதுவாகவும் இருக்கலாம். அதைக் கையால் தொடாதீர்கள், அழுக்குத் துணிக் கூடையில் மற்றவர் துணியோடு கிடந்ததையும் கொடுக்காதீர்கள். இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும், கையாளுநரே இடுக்கியால் எடுத்துக்கொள்வார். கடைசியாக யார் யார் அந்த வீட்டில் இருந்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர்களுடைய வாடையை நாய் ஒதுக்குவதற்கு அது உதவும்.

அப்புறம் நாய் கிளம்பியதும் பின்னாலேயே ஓட வேண்டாம். உள்ளம் பதறும், தெரியும். ஆனால் கையாளுநர் நாயின் வால், காது, மூச்சு, கயிற்றின் இழுப்பு என்று அத்தனையையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டு போவார். அவரிடம் பேச்சுக் கொடுக்காமல், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஒருவர் இருங்கள். போனவர் தானாகத் திரும்பி வந்துவிடுவதும் உண்டு.